ஒரு வரிக்கான இடம்

மகளே, மகனே, சித்தப்பாவின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் ஏன் வரமாட்டேன் என்கிறேன் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். கால் வலி என்றேன். நீங்கள் நம்பவில்லை. உங்கள் அம்மா நம்பியதுபோல் இருந்தாள், அவளுக்குக் காரணம் தெரியும். கால் வலி பொய் இல்லை. ஆனால் அதே காலை வைத்துக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறேன். ஒரு நாள் விருந்துச் சாப்பாட்டுக்குப் போக முடியாத அளவுக்கு அது வலிக்கவில்லை.

உங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இந்தியில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் முடித்துவிடுவீர்கள். எனக்கு இந்தியில் பேரம் பேச வரும், சண்டை போட வரும், இதை எழுத வராது. புரியாத இடத்தில் சத்தமாக வாசியுங்கள், காதில் விழுந்தால் புரிந்துவிடும். என் அம்மா, உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தவரை இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தேன். அவள் போய்விட்டாள். இனி என் வாயை அடைக்க யாரும் இல்லை.

சித்தப்பாவின் கல்யாணப் பத்திரிகையைப் பற்றியது இது. கேட்டால் சிரிப்பீர்கள், ஒரு கார்டுக்காகவா இத்தனை வருஷம் என்று. சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

அப்போது நாம் தில்லியில் நம் ஆட்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் இருந்தோம். மகளே, நீ கைக்குழந்தை. உன் தம்பி பிறக்கவில்லை. பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய வரிசையில் நம் வீடு. அதில் என் அம்மா, என் தம்பியான உங்கள் சித்தப்பா, நான், உங்கள் அம்மா, நீ. அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஜங்புராவில் வீட்டு வேலை பார்த்தாள். நான் பத்தாவது முடித்தேன், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினேன், அத்தோடு சரி. தம்பி தபால் மூலம் பி.காம். படித்தான். அரசாங்க ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. அவனே படித்தான், அவனே பரீட்சை எழுதினான், அதில் என் பங்கு என்று ஒன்றும் இல்லை. தியாகம் செய்த அண்ணன் என்று யாராவது என்னைச் சொன்னால் நம்பாதீர்கள்.

நான் கரோல் பாக்கில் ஒரு சந்துக்குள் இருந்த டிடிபி கடையில் வேலை பார்த்தேன். கல்யாணக் கார்டு, விசிட்டிங் கார்டு, ரசீதுப் புத்தகம் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து, பக்கம் அமைத்து, அச்சாபீசுக்கு அனுப்புகிற கடை. முதலாளி பஞ்சாபி. எல்லாரும் லாலாஜி என்றுதான் கூப்பிடுவோம். இந்திக்கும் இங்கிலீஷுக்கும் வேறொருவர் இருந்தார். தமிழ் வேலை எங்கிருந்து வந்தாலும் என் மேஜைக்கு வரும். தில்லியில் தமிழ் அடிக்கத் தெரிந்த ஆள் எளிதில் கிடைக்கமாட்டார்கள் என்பதால் லாலாஜி என்னை 'மாஸ்டர்' என்பார். கொடுத்த சம்பளம் மாஸ்டர் சம்பளம் இல்லை.

தம்பிக்குப் பெண் நிச்சயமானது. கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்சில் இருந்த குடும்பம். பெண்ணின் அப்பா தம்பியின் ஆபீசிலேயே வேறொரு பிரிவில் பெரிய பதவியில் இருந்தார். தம்பியின் ஒழுங்கைப் பார்த்து அவரே பேச்சை ஆரம்பித்தார் என்று சொன்னான். ஒழுங்கைப் பார்த்தாரா, வேறு எதையாவது பார்த்தாரா, எனக்குத் தெரியாது. பெண் நல்ல பெண். உங்கள் சித்திமேல் இன்று வரை எனக்கு ஒரு குறையும் கிடையாது.

நிச்சயதார்த்தம் முடித்து வீட்டுக்கு வந்து, அம்மா வெற்றிலைத் தட்டைக் கீழே வைக்கும் முன்னாலேயே கேட்டாள்.

"ஏன்டா, பத்திரிகை நீதான அடிக்கப் போற?"

"நான்தாம்மா."

"அப்ப எம்பேரு வருமா?"

"வராம?"

"கடைசில எங்கனா பொடி எழுத்துல போட்டுடாதடா. நல்வரவுன்னு ஒண்ணு போடுவாங்களே, அதுக்குக் கீழ. மொதல்ல."

உங்கள் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவங்க வூட்ல எல்லாரும் பேருக்குப் பக்கத்துல பட்டம் போடுவாங்களாம் அத்தை. உங்களுக்கு என்னா போடுறது?"

"பாத்திரம் கழுவுறதுல எம்.ஏ.ன்னு போடச் சொல்லு உம்புருசன" என்றாள் அம்மா. தம்பியும் சிரித்தான். நன்றாக நினைவிருக்கிறது, வாய்விட்டுச் சிரித்தான்.

அதுவரை அவள் பெயர் அச்சில் வந்ததில்லை. என் கல்யாணம் ஊரில் கோயிலில் நடந்தது, பத்திரிகை கிடையாது. வெற்றிலை பாக்கு வைத்து வாயால் கூப்பிட்டதோடு சரி. அம்மாவுக்கு வாசிக்க வராது. கேம்ப்பில் பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தபோது தன் பெயரை மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள். எங்கே பார்த்தாலும் அந்த எழுத்துகளை அடையாளம் கண்டுபிடிப்பாள். கடைப் பலகையில் தன் பெயரின் முதல் எழுத்து தெரிந்தால் நின்று பார்ப்பாள். பெயர் அச்சில் வரப்போகிறது என்று அவள் குழாயடியில் சொல்லி, மாவுமில்லில் சொல்லி, வேலை செய்கிற வீடுகளில் இந்தியிலும் சொல்லியிருந்தாள். அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. புருஷன் இல்லாதவள் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் அழைக்கிறவர்கள் வரிசையில் போடமாட்டார்கள். பெற்றவள் அவளாக இருக்கலாம், வளர்த்தவள் அவளாக இருக்கலாம், கூப்பிடுகிற உரிமை மட்டும் மூத்த மகனுக்கோ பெரியப்பனுக்கோ போய்விடும். எனக்கு இது தெரியாமல் இல்லை. எத்தனை கார்டு அடித்திருக்கிறேன். அடிக்கும்போதெல்லாம் அது யாரோ வீட்டு வழக்கம். நம் வீட்டுக் கார்டுக்கு நான்தானே ஆள், நான் போட்டால் போட்டதுதான் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் புரூஃப் எடுத்து வைத்தேன். கரோல் பாக்கில் ஞாயிறு கடை உண்டு, திங்கள்தான் விடுமுறை. மத்தியானம் தம்பி மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். சஃபாரி சூட், பையில் இரண்டு பேனா. லாலாஜிக்கு ஒரு நமஸ்தே போட்டுவிட்டு என் பக்கம் வந்தார்.

"என்ன சம்பந்தி, கார்டு ரெடியா?"

அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் நான் என்பதால் அவர் என்னைச் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுவந்தார். அவர் வயதென்ன, என் வயதென்ன. எனக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புரூஃபைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி கீழிருந்து மேலே வந்தார்.

"எழுத்தெல்லாம் ஜோரா இருக்கு. ஆனா வரி ஏத்த எறக்கமா இருக்கே. இங்க பாருங்க, எங்க வீட்டு ஆளுங்க பேருக்கெல்லாம் நடுவுல தாராளமா எடம் இருக்கு. இந்த ரெண்டு வரி மட்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு."

அவர் சொன்னது சரி. பேனா மூடியால் அவர் தட்டிக் காட்டிய இரண்டு வரிகளில் மேலே இருந்தது அம்மா பெயர், கீழே இருந்தது என் பெயர்.

அது ஏன் அப்படி வந்தது என்று சொல்கிறேன். கம்ப்யூட்டரில் நீங்கள் விளையாடத்தான் செய்கிறீர்கள், நான் அதில் சோறு தின்றவன். பக்கம் அமைக்கிற மென்பொருளில் வரிக்கும் வரிக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதை நாம் ஒரு அளவு கொடுத்துச் சொல்லலாம். சொல்லாமல் 'ஆட்டோ'வில் விட்டால் அதுவே முடிவு செய்யும். எப்படி முடிவு செய்யும் என்றால், அந்த வரியில் இருப்பதிலேயே பெரிய எழுத்து எதுவோ அதைப் பார்த்து இடம் விடும். எங்கள் கடையில் இருந்த தமிழ் எழுத்து பருமனானது. அதன் பக்கத்தில் அதே அளவில் இங்கிலீஷ் எழுத்துப் போட்டால் நோஞ்சானாகத் தெரியும். அதனால் இங்கிலீஷை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடுவேன். நம் ஜனங்கள் பெயரைத் தமிழில் போட்டாலும் பட்டத்தை இங்கிலீஷில்தான் போடச் சொல்வார்கள். பி.ஏ. என்று தமிழில் போட்டால் படித்த படிப்பே குறைந்துவிட்டதுபோல் முகத்தைச் சுளிப்பார்கள். ஆக, பட்டம் இருக்கிற வரிக்கெல்லாம் மென்பொருள் கூடுதலாக இடம் விட்டது. பட்டம் இல்லாத வரி நெருக்கிக்கொண்டது. பெண்ணின் அப்பாவுக்கு பி.ஏ., தாய்மாமனுக்கு பி.இ., அவர் தம்பிக்கு என்னவோ ஒன்று. மாப்பிள்ளைக்கு பி.காம். அந்தக் கார்டிலேயே பட்டம் இல்லாமல் வெறும் பெயராக நின்றது நாங்கள் இரண்டு பேர்தான், அம்மாவும் நானும்.

புரூஃப் எடுக்கும் முன் நான் கவனித்திருக்க வேண்டும். அன்றைக்கு வேலை நெருக்கடி. மத்தியானத்துக்குள் சரி செய்யலாம் என்று இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி பேசினான்.

"கார்டு சின்னதுண்ணே. எடம் பத்தல. ஒரு வரி கொறைச்சுட்டா எல்லாம் சரியா வந்துடும்."

"எந்த வரிடா?"

அவன் கார்டைப் பார்த்தான்.

மாமனார்தான் சொன்னார். "நல்ல யோசனைதான். ஒரு வரி எடுத்துட்டா காத்தாட இருக்கும்."

"எந்த வரிங்க?"

"அது உங்க இஷ்டம் சம்பந்தி. உங்களுக்குத் தெரியாததா?"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. உண்மையிலேயே இடம் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். "வரி எடுக்கவே வேணாங்க. ஒரு நிமிஷம் உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

எழுத்து முழுவதையும் தேர்ந்தெடுத்தேன். வரி கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடங்களை நீக்கினேன். அதற்குக்கூடப் பெரிய எழுத்தின் அளவு இருக்கும், ஒன்றை விட்டாலும் அந்த வரி தூக்கிக்கொள்ளும். பிறகு ஆட்டோவை எடுத்துவிட்டு எல்லா வரிக்கும் ஒரே அளவை என் கையால் போட்டேன். திரையில் ஒரு தடவை எல்லாம் குலுங்கி உட்கார்ந்தது. பி.ஏ. வரியும் பி.இ. வரியும் இறங்கி வந்தன. அம்மா வரியும் என் வரியும் விலகி மூச்சுவிட்டன. ஏதோ தறியில் நூல் கட்டியதுபோல் ஒரே சீராக வந்துவிட்டது. கீழே கொஞ்சம் இடம் மிச்சம்கூட விழுந்தது.

மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

கோளாறு போய்விட்டது. அவர்கள் கையில் இருந்த சாக்கும் அதோடு போய்விட்டது. வரி கோணலாக இருந்தவரை அவர்கள் வரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கலாம். அதை நானே நேராக்கிக் கெடுத்துவிட்டேன்.

"அச்சா, அச்சா" என்றார் மாமனார். "நல்லா வந்திருக்கு தம்பி."

என்னைக் கூப்பிடுவதில் சம்பந்தி போய்த் தம்பி வந்துவிட்டது. ஒரு போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனார். தம்பி என்னை முனையில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனான். "பையா, தோ சாய்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அம்மா பேரு வேணாம்ணே."

"ஏன்டா?"

"மங்களப் பத்திரிகை. மொத வரியில... அவங்க சொந்தக்காரங்க பாத்தா தப்பா பேசுவாங்களாம்."

"உன்னைப் பெத்தது யாரு, அவங்க சொந்தக்காரங்களா?"

"கத்தாதண்ணே. இது நான் போட்ட வழக்கமா? நீ எத்தினி கார்டு அடிச்சிருக்க, எதுலயாவது அப்படிப் போட்டிருக்கியா?"

நான் போட்டதில்லை. அவன் விடவில்லை.

"உம்பேரு இருக்குல்ல. நீ கூப்புட்டா அம்மா கூப்புட்ட மாதிரிதான்."

"அப்ப ஒண்ணு செய்யி. உம்மாமனாரை நம்ம வூட்டுக்கு வரச் சொல்லு. அம்மா எதிர்ல உக்காந்து, உங்க பேரு வேணாங்கன்னு அவர் வாயால சொல்லட்டும். நான் எடுத்துடுறேன்."

அவர் கேம்ப்புக்குள் கால் வைத்ததே இல்லை. நிச்சயம்கூட அவர்கள் வீட்டில்தான் நடந்தது. வரமாட்டார் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தம்பி டீயைப் பாதி குடித்துவிட்டுக் கீழே ஊற்றினான்.

"சரி விடுண்ணே. அப்படியே இருக்கட்டும்."

அவன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தம்பி அல்லவா. கடைக்குத் திரும்பி வந்து, பட்டர் பேப்பரில் கடைசிப் பிரதி எடுத்தேன். பட்டர் பேப்பர் என்றால் வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய தாள். அதை வைத்துத்தான் அச்சாபீசில் பிளேட் போடுவார்கள். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் கார்டில் வரும். வழக்கமாக நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"நான் கொண்டுபோய்க் குடுத்துடுறேண்ணே. போற வழிதான். நீ வேலையப் பாரு" என்றான் தம்பி. கொடுத்தேன்.

கார்டுக் கட்டு நேராகக் கேம்ப்புக்கு வந்தது. நான் வேலை முடிந்து வந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் நம் வாசலில் கூடியிருந்தார்கள். உங்கள் அம்மா மஞ்சளைக் குழைத்து முதல் கார்டின் மூலைகளில் தடவிச் சாமி படத்துக்கு முன் வைத்திருந்தாள். அம்மா இன்னொரு கார்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டு விரலால் தேடிக்கொண்டிருந்தாள். விரல் மேலிருந்து கீழே போனது. திரும்பவும் மேலே போனது. நல்வரவை விரும்பும் என்ற இடத்துக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு வரி அளவுக்கு வெறும் காகிதம். அதற்குக் கீழே என் பெயர்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டர் பேப்பரில் அந்த வரியைப் பிளேடால் நறுக்கி எடுத்திருக்கிறார்கள். நறுக்குவது சுலபம். மற்ற வரிகளை மேலே ஏற்ற வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் திருத்த வேண்டும், கம்ப்யூட்டரில் திருத்த என்னிடம் வர வேண்டும். என்னிடம் வர முடியாது. அதனால் ஓட்டையை ஓட்டையாகவே அச்சடித்துவிட்டார்கள்.

எதிர் வரிசை அக்கா ஒருத்தி, அம்மாவோடு சேர்ந்து வேலைக்குப் போகிறவள், கார்டைத் தன் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். சும்மா இருக்காமல் சொன்னாள்.

"என்னாக்கா, ஊரெல்லாம் தமுக்கு அடிச்ச, உம்பேரு எங்க காணோம்? எலி கடிச்சிட்டுதா?"

சிலர் சிரித்தார்கள். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அந்த வெறும் இடத்தை விரலால் ஒரு தடவை தேய்த்தாள்.

"இவ்ளோ எடம் சும்மா கெடக்குது" என்றாள். "எனக்குத்தான் எடமில்ல."

கார்டை மடித்து உறைக்குள் போட்டாள். உள்ளே போய் அரிசி களையத் தொடங்கினாள்.

நான் பின்னாலேயே போனேன். "திருப்பி அடிக்கிறேம்மா. நாளைக்கே அடிச்சுக் கொண்டாரேன்" என்றேன்.

"வேணாம். மஞ்சத் தடவியாச்சு. தடவுனத மாத்துனா கல்யாணத்துக்கு ஆவாது."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"எனக்கு எப்புடிடா தெரியும்? எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நீங்க ரெண்டு பேரு."

அந்த 'ரெண்டு பேரு' என் நெஞ்சில் இன்னமும் குத்திக்கொண்டிருக்கிறது. அவள் நினைப்பில் நானும் அதில் சேர்த்தி. நான் நறுக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று எனக்குக் கடைசி வரை தெரியாது.

தம்பி வந்ததும் நாலா ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். "பிளேடு போட்டது நீயா, அச்சாபீஸ்காரனா?"

"நான்தான். அவனுக்குத் தமிழ் தெரியாதுல்ல."

அப்படியே சொன்னான். எந்த வரி என்று அவனே பார்த்து, அவனே நறுக்கியிருக்கிறான்.

"உன்கிட்ட கேட்டா நீ ஒத்துக்கமாட்ட. அம்மாகிட்ட கேட்டா சரின்னுடுவா, ஆனா எந்த மூஞ்சிய வச்சுகிட்டு நான் கேக்குறது? அதான் யாரையும் கேக்கல. இங்க பாருண்ணே, இந்த நாத்தத்துல இருந்து நான் வெளிய போவ இது ஒரு வழி. ஒரு வரிக்காக அதை வுட்டுடச் சொல்றியா?"

அவன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று உங்கள் அம்மா சொல்வாள். இருக்கலாம். அவன் அன்று வெளியே போனதால் இன்று புது வீடு. நாமும் பின்னால் வாடகைக்கு வெளியே வந்தோம், யார் பெயரையும் நறுக்காமல்தான் வந்தோம். கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு நான் போனேன். போகாமல் எப்படி? கார்டில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தது என் பெயர். வாசலில் நின்று பன்னீர் தெளித்தேன். வருகிறவர்கள் "பத்திரிகை கெடச்சுது, அழகா இருந்துது" என்றார்கள். தாலி கட்டும்போது அம்மா தூணுக்குப் பின்னால் பெண்களோடு நின்றாள், அங்கிருந்தே அட்சதை போட்டாள். அட்சதை மேடை வரை போய்ச் சேர்ந்திருக்காது. பெண்ணின் அப்பா என் தோளில் கை போட்டு, "எல்லாம் உங்க ஆசீர்வாதம் சம்பந்தி" என்றார். வேலை முடிந்ததும் பழைய மரியாதை திரும்பி வந்துவிட்டது.

அம்மா தம்பியை மன்னித்துவிட்டாள். பிறகு எத்தனையோ தடவை அவன் வீட்டுக்குப் போனாள், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டினாள், அவன் வாங்கிக் கொடுத்த சேலையைக் கட்டினாள். அது அவள் விஷயம். பெற்றவளுக்கு அந்த வசதி உண்டு. எனக்கு இல்லை. அவள் மன்னித்ததையே காரணம் காட்டி என்னையும் மன்னிக்கச் சொன்னார்கள். நறுக்கப்பட்டது என் பெயராக இருந்திருந்தால் நானும் மன்னித்திருப்பேனோ என்னவோ.

இதோடு முடிந்திருந்தால்கூட இத்தனை நீளமாக எழுதியிருக்கமாட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

எங்கள் கடையில் ஒரு மாதிரி ஆல்பம் உண்டு. பிளாஸ்டிக் உறை வைத்த பெரிய ஆல்பம். வாடிக்கையாளர்கள் அதைப் புரட்டிப் பார்த்து, இதுபோல் வேண்டும் என்று விரல் வைப்பார்கள். தமிழ்க் கார்டுக்கு நல்ல மாதிரி இல்லை என்று லாலாஜி குறைபட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு நான் அவருக்குக் கொடுத்த கார்டை, என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, ஆல்பத்தில் முதல் தமிழ்ப் பக்கத்தில் செருகிவிட்டார். நான் கவனிக்கவில்லை.

ஒரு நாள் கரோல் பாக்கிலேயே குடியிருக்கும் ஒரு கணவன் மனைவி மகள் கல்யாணத்துக்குக் கார்டு அடிக்க வந்தார்கள். நல்ல மனிதர்கள். அந்த அம்மாள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றாள்.

"ஏன்னா, இதப் பாருங்கோ. மத்ததெல்லாம் எழுத்த அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கு. இதுல நல்வரவுக்குக் கீழ எடம் விட்டு அப்புறம் பேரு போட்டிருக்கா. எவ்வளவு லட்சணமா இருக்கு!"

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஆமாம். யோசிச்சுப் பண்ணியிருக்கான். யார் டிசைன் இது?"

லாலாஜிக்குத் தமிழ் புரியாது. அவர்கள் முகம் மலர்ந்தது மட்டும் புரிந்தது. என் முதுகில் தட்டி, "ஹமாரா மதராசி மாஸ்டர்!" என்றார், எங்கள் ஆள் என்கிற பெருமையோடு.

"எங்களுக்கும் இதே மாதிரி எடம் விட்டுப் போட்டுடுங்கோ" என்றாள் அந்த அம்மாள். "கொறைச்சுடாதேங்கோ. இதே அளவு."

போட்டேன். வேலைதானே. எல்லா வரிக்கும் அளவைக் கொடுத்துவிட்டு, நல்வரவுக்குக் கீழே ஒரு வெறும் வரி விட்டேன். அந்த வெறும் வரிக்கு மற்ற வரிகளின் அளவு சரியாகப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி, அது ஒரு பெயரின் அளவு. அவர்கள் புரூஃபைப் பார்த்துத் திருப்தியாக முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வாசல் வரை போன அந்த அம்மாள் திரும்பி, "உங்க கை நல்ல கை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் லாலாஜி சாப்பிட வீட்டுக்குப் போனார். இந்தி அடிக்கிறவர் பீடி குடிக்கக் கீழே இறங்கினார். கடையில் நான் மட்டும் இருந்தேன். ஆல்பத்தை இழுத்து மேஜைமேல் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வெயிலுக்குக் கார்டு பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தை உள்ளே விட்டு ஓரம் ஓரமாகப் பெயர்த்து எடுத்து என் பைக்குள் வைத்தேன். கொஞ்சம் தங்கப் பூச்சு உறையிலேயே தங்கிவிட்டது, அதைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். அட்டைப் பெட்டியில் கிடந்த ஏதோ ஒரு பஞ்சாபிக் கல்யாணக் கார்டை, பல்லக்குப் படம் போட்டது, அந்த உறைக்குள் செருகினேன். ஆல்பத்தை மூடி இருந்த இடத்தில் வைத்தேன்.